தீங்குப் பால்

எங்கள் ஆலையில் பால் ஊற்றுவதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். பதினெட்டு வருஷமாக ஊற்றினேன், முத்திரை குத்திய நியமன உத்தரவே என்னிடம் இருக்கிறது: ஹோசியத், பால் வழங்குபவர், ஏழாம் பட்டறை.

ஏழாம் பட்டறையில் வினைல் குளோரைடு என்கிற வாயுவை ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு உயரமான கலன்களில் அடைத்து, அமுக்கி, சூடேற்றி, வெள்ளை மாவாக்குகிறார்கள். அந்த மாவுதான் பிறகு குழாயாகிறது, ஜன்னல் சட்டமாகிறது, உங்கள் வீட்டு மேஜை விரிப்பாகிறது. மாவான பிறகு அது பரம சாது. வாயுவாக இருக்கும்போது விஷம். அதனால் அங்கே வேலை செய்கிறவனுக்கு ஷிப்டுக்கு அரை லிட்டர் பால் கொடுக்க வேண்டும் என்று பழைய சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. அந்த சர்க்கார் கவிழ்ந்து, கொடி மாறி, பணம் மாறி, தெருப்பெயர் எல்லாம் மாறியாயிற்று. பால் மட்டும் நிற்கவில்லை. தீங்குப் பால் என்போம்.

பால் குடித்தால் வாயு உடம்பிலிருந்து போய்விடுமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் டாக்டர் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன், பதினெட்டு வருஷத்தில் ஒரு ஆண்பிள்ளை கூட என் கண்ணெதிரே அந்தப் பாலைக் குடித்ததில்லை. பாட்டிலில் வாங்கி, பைக்குள் செருகி, வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள். வாயுவை அப்பன் குடித்தான், பாலைப் பிள்ளை குடித்தது. போர்மேன் மெங்லியின் மூன்று பையன்களும் என் பாலில் வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்கள்தான். இப்போது வழியில் பார்த்தால் தடிமாடுகள் ஒரு சலாம் கூடச் சொல்வதில்லை.

பாலோடு இன்னொரு சலுகையும் உண்டு. தீங்குப் பட்டியலில் உள்ள பட்டறைக்காரன் ஐம்பத்தைந்து வயதில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மற்றவன் அறுபது வரை மாரடிக்க வேண்டும். துர்திமத் அண்ணனின் கதை இந்த ஐந்து வருஷத்தைப் பற்றியதுதான்.

துர்திமத் அண்ணன் எங்கள் பட்டறையின் ஃபிட்டர். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. தலையில் அழுக்குத் தொப்பி, ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் சோப்புத் தண்ணீர் டப்பா, டப்பாவுக்குள் ஒரு தாடி மழிக்கிற பிரஷ். குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார். நுரை குமிழ் விட்டால் வாயு கசிகிறது என்று அர்த்தம். உடனே இறுக்குவார். குமிழ் விடாவிட்டாலும் மனசு கேட்காமல் ஒரு தடவை இறுக்குவார். வேறு பட்டறைகளில் மூட்டுக்கு மூட்டு புஸ்ஸென்று போய்க்கொண்டிருக்கும், எவனும் கண்டுகொள்ள மாட்டான். எங்கள் பட்டறையில் இரும்பு பெஞ்சு ஆடினால் கூட இவர் ஸ்பேனரோடு வந்துவிடுவார்.

இந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று தெரிய வேண்டுமானால் அவர் விரலைப் பார்க்க வேண்டும். இருபது வயதில் அவரைக் கலன் சுரண்டப் போட்டார்கள். மாவு இறக்கிய பிறகு கலனின் உள்சுவரில் பொருக்குத் தட்டும். அதைச் சுரண்ட ஆளை உள்ளே இறக்குவார்கள். உள்ளே மிச்சமிருக்கிற வாயு இனிப்பாக மணக்குமாம். கால் மணி நேரத்தில் தலை கிறுகிறுத்து, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே ஏறி வருவார்களாம். ஓசியில் போதை என்று கேலி பேசுவார்களாம், பாவிகள். ஆறு வருஷம் சுரண்டினார். அதற்கப்புறம் விரல் நுனி எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது. பத்து விரலும் கட்டையாகி, நகம் அகலமாகி, யாரோ நுனியைச் சுத்தியலால் தட்டினது போல இருக்கும். பின்னால் கலனைக் கழுவ இயந்திரம் வந்தது, அவரை ஃபிட்டராக்கினார்கள். அன்றிலிருந்து ஒரு பொட்டு வாயு வெளியே வரக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

அவருக்கு வசந்தத்தில் வருகிற நோவ்ரூஸ் பண்டிகை மாதத்தில் ஐம்பத்தைந்து முடிகிறது. வீட்டில் சுரைக்குடுவைக் கூட்டில் ஒரு காடை வளர்க்கிறார். அந்தக் காடையைத் தூக்கிக்கொண்டு சாய்க்கானா என்கிற தேநீர்க்கடையில் போய் உட்கார்ந்து, அது கூவுவதைக் கேட்டுக்கொண்டே பச்சைத் தேநீர் குடிக்க வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

ஒருநாள் என்னிடம் வாயைத் திறந்து சொன்னார்: "ஹோசியத், சட்டைப் பொத்தான இப்ப வீட்டுக்காரிதான் போட்டு விடுறா. காடைக் கூட்டுக் கதவுக் கயிறக் கூட முடிய முடியல. இன்னும் அஞ்சு மாசம் பல்லக் கடிச்சிட்டுத் தள்ளிடுவேன். மத்தவன் மாதிரி இன்னும் அஞ்சு வருஷம்னா இந்தக் கை தாங்காது. ஏதாவது ஒரு நட்டு நழுவி எவன் தலையிலயாவது விழும்."

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் புது டைரக்டர் அப்பாஸ்கான் நிஜாமோவிச். அப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவருக்கு முகம் சுண்டிவிடும். வந்த வாரமே பட்டறை முழுக்கப் பூந்தொட்டி வைத்தார். பிளாஸ்டிக் பூ. தலைநகரில் ஏதோ போட்டியாம், தீங்கே இல்லாத பட்டறைக்குப் பித்தளைப் பலகை கொடுக்கிறார்களாம். அந்தப் பலகை வந்தால் அவருக்கு மேலிடத்தில் ஒரு நாற்காலி. பூசணிக்காய் சம்சா விற்கிற இலையுதிர் பருவத்தில் கமிஷன் வரும், எட்டு இடத்தில் காற்றை அளக்கும், எட்டிலும் அளவு குறைவாக இருந்தால் பட்டறை தீங்கற்றது என்று எழுதிக்கொண்டு போகும்.

தீங்கற்றது என்றால் பால் கிடையாது. பட்டியலும் கிடையாது. பட்டியல் இல்லையென்றால் ஐம்பத்தைந்தும் கிடையாது.

துர்திமத் அண்ணன் ஆள் நிர்வாக அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். நகப்பூச்சு காய விரலை ஊதிக்கொண்டிருந்த பெண் தலை நிமிராமல் சொன்னாளாம்: "நீங்க வேலைய விட்டுப் போற நாள்ல பட்டறை பட்டியல்ல இருக்கணும் அண்ணே. முப்பது வருஷம் இருந்ததெல்லாம் செல்லாது."

பட்டறையில் சோறு இறங்கவில்லை. கமிஷன் வருவதற்கு முதல் நாள் மத்தியானம், என் பால் கேனைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு துர்திமத் அண்ணனை வளைத்துக்கொண்டார்கள். மெங்லிதான் பேசினான்.

"அண்ணே, அஞ்சாவது அளவுப் புள்ளிக்கு மேல ஒரு மூட்டு இருக்குல்ல?"

"இருக்கு."

"அதக் கொஞ்சம்..." மெங்லி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான்.

"கொஞ்சம் என்ன?"

"கால் திருகு அண்ணே. ஒரே ஒரு நாளைக்கு. லேசா மூச்சு விட்டாப் போதும், எட்டுல ஒண்ணு எகிறிடும். கமிஷன் போனதும் திருப்பி இறுக்கிக்கோ. கட்டிப்பிடிச்சு முத்தம் வேணும்னாலும் குடுத்துக்கோ."

"முப்பது வருஷமா இறுக்குற கையிடா இது. தளர்த்தச் சொல்றியா?"

"நீ இறுக்கினதாலதான் இந்தக் கேடு!" மெங்லிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒம்பதாம் பட்டறைக்காரன் பாரு, ஒழுக விட்டுட்டு ஜம்முனு அம்பத்தஞ்சுல வீட்டுக்குப் போறான். நாம ஒழுங்கா வேல செஞ்சோம், அறுபது வரைக்கும் கிடக்கணுமாம்!"

"நீயே தளர்த்தேன்."

"நான் தொட்டா பட்டறையே பறந்துடும். கால் திருகுன்னா கால் திருகாவே நிக்கிறது ஒங்கையில மட்டும்தான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? பால் நின்றால் பால் ஊற்றுகிறவளும் நிற்க வேண்டியதுதான். "செய்யுங்க அண்ணே, ஒரு நாள்தானே" என்றேன். என் நாக்கில் புழு விழ.

மறுநாள் காலையில் பட்டறை கல்யாண வீடாகிவிட்டது. டைரக்டர் நடைபாதை ஓரத்துக்கெல்லாம் வெள்ளை அடித்திருந்தார். இரண்டு கலன்களுக்கு அன்று லீவு. எங்கிருந்தோ மின்விசிறிகளைக் கொண்டுவந்து வாசலெல்லாம் வைத்திருந்தார். முற்றத்தில் குதிரைக்கறி போட்டுப் பலாவ் வெந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

"அந்தக் கேனத் தூக்கி எங்கயாவது ஒளிச்சு வைம்மா! தீங்கில்லாத பட்டறையில பாலுக்கு என்ன வேல? பாத்தா என்ன நெனைப்பாங்க?"

சரி என்று கேனை இழுத்துக்கொண்டு போய் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அது ஐந்தாம் புள்ளிக்குப் பக்கத்துத் தூண். மூட்டு என் தலைக்கு மேல்தான். அண்ணன் அதில் ஸ்பேனரை வைத்தபோது கையை உதறி உதறி வைத்ததைப் பார்த்தேன். திருப்பிவிட்டு, கால் திருகுதானா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்தக் கட்டை விரலுக்கு என்ன தெரியும்? பிறகு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அளவெடுக்க வந்தவள் ரானோ என்கிற பெண். கையில் காற்றை உறிஞ்சுகிற சிறு பம்புப் பெட்டி, முன்னால் ஏழு மாத வயிறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடி பெண்ணே, வயித்துல புள்ளையோட ஒன்ன எப்படிடி இங்க அனுப்பினாங்க?"

"தீங்கு இருக்கிற எடத்துக்கு என்ன அனுப்பக் கூடாதுக்கா, சட்டம் இருக்கு. ஆனா ஒங்க டைரக்டர் முன்னாடியே கடிதம் போட்டுட்டாராம், இங்க தீங்கே இல்லன்னு. அதான் அனுப்பிட்டாங்க."

"தீங்கே இல்லன்னு முடிவாயிட்டா நீ எதுக்கு அளக்குற?"

"முடிவ எழுதணுமேக்கா" என்று வெகுளியாகச் சிரித்தாள்.

மூட்டுக்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். காற்று உறிஞ்சுகிற குழாயைக் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டாள், மூக்குக்குப் பக்கத்தில். நாற்பது நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டுமாம். மனசு கேட்காமல் ஒரு கோப்பை தீங்குப் பாலை நீட்டினேன். மடக் மடக்கென்று குடித்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பாலை ஏழாம் பட்டறைக்குள் குடித்த முதல் ஜீவன் அவள்தான்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். "அக்கா, இங்க மிட்டாய் கிட்டாய் செய்றாங்களா? இனிப்பா ஒரு வாசனை வருதே" என்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, என்னமோ சிரிப்பு வருவது போல உதட்டைக் கடித்தாள்.

அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் மூக்குக்கே எட்டாது. மணக்கிறது என்றால் அளவு எப்போதோ மீறியாயிற்று. எதிர்ப்பக்கம் பார்த்தேன். துர்திமத் அண்ணனும் கேட்டுவிட்டார். தன் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் திருகு என்று நினைத்து அரைத் திருகு திருப்பியிருக்கிறார். மரத்துப்போன விரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

மெங்லி தூரத்திலிருந்து, வேண்டாம், அப்படியே இரு என்று கைச்சாடை காட்டினான். இன்னும் அரை மணி நேரம் அவள் அங்கே இருந்தால் போதும். நாற்பது பேருக்குப் பால், இவருக்குக் காடை, சாய்க்கானா, எல்லாம் அந்தச் சின்னக் குழாய்க்குள் சேர்ந்துகொண்டிருந்தது.

அண்ணன் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"மகளே, எந்திரி. வெளிய போய்க் காத்தாட நில்லு. எந்திரிம்மா!"

"நாப்பது நிமிஷம் ஆகலையே மாமா..."

"நாப்பதும் வேணாம் ஒண்ணும் வேணாம், போ!"

அவளைக் கைபிடித்துத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டேன். திரும்பி வந்தால் அண்ணன் முக்காலி மேல் ஏறி மூட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறார். அதே நேரம் பார்த்து டைரக்டரும் கமிஷன் தலைவரும் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். தொலைந்தோம் என்று நினைத்தேன். டைரக்டரோ கையைத் தட்டினார்.

"பாத்தீங்களா! அளவெடுக்கிற நேரத்துல கூட எங்க ஆளு சும்மா இருக்க மாட்டான். ஒரு பொட்டுக் கசிவு பொறுக்காது அவனுக்கு!"

கமிஷன் தலைவர், பலாவ் வாசனை அடித்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூட்டு சரிபண்றதுக்கு முந்தி எடுத்த அளவு செல்லாது. அந்தக் குழாயப் போட்டுட்டு, வேற ஆள வெச்சுப் புதுசா எடுங்க."

குழாய் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. புதுக் குழாயில் சுத்தமான காற்று ஏறிற்று. எட்டுக்கு எட்டு. தலைவர் சந்தோஷமாக அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கினவர் எதையோ தொட்டுவிட்டது போலக் கையைப் பார்த்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. "ஐயா, அந்த விரலையும் எழுதிக்கோங்க. இந்தப் பட்டறை தின்ன விரலுங்க அது."

தலைவர் கையை மெல்ல உருவிக்கொண்டார். "படிவத்துல விரலுக்கு எடம் இல்லம்மா. நாங்க காத்த அளக்க வந்தோம், ஆள அளக்க வரல."

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ரானோ மரத்தடியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. போகும்போது அண்ணனைத் தேடி வந்து, "பால் நல்லா இருந்துச்சுன்னு அக்காகிட்ட சொல்லுங்க மாமா" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், அவள் என்னைக் கவனிக்கவில்லை. தனக்காக அவர் எதை விட்டார் என்று அவளுக்கு என்ன தெரியும்?

பட்டறை அண்ணனைத் தண்ணி தெளித்துவிட்டது. எவனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வியாழக்கிழமைதோறும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து பலாவ் சாப்பிடுவார்கள், அவரைக் கூப்பிடாமல் விட்டார்கள். அவர் ஒரு மூலையில் ரொட்டியைப் பிட்டுத் தின்றார். அந்தப் பெண்ணை எழுப்பினதைப் பற்றி யாரும் தப்புச் சொல்லவில்லை, அது வேறு. குழாயையாவது காப்பாற்றியிருக்கலாமே என்றுதான் ஆற்றாமை. மெங்லி என்னிடம் வந்து கத்தினான்: "அவரு செஞ்சது சரிதான்க்கா. அதான் எரிச்சலா இருக்கு!"

மாதம் பிறந்ததும் பால் நின்றது. என் பதவி தேவையற்றது என்று உத்தரவு வந்தது. டைரக்டர் அறையின் தரைவிரிப்பைக் கூட்ட என்னை மாற்றினார்கள். என் பேருக்கு நேரே, வழங்குபவர் என்பதை அடித்துவிட்டுக் கூட்டுபவர் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நோவ்ரூஸ் மாதம் வந்தது. துர்திமத் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. அன்றும் ஸ்பேனரோடு வேலைக்கு வந்தார், வழக்கம் போல. அதே வாரம் பித்தளைப் பலகையும் வந்தது. தீங்கற்ற பட்டறை என்று தங்க எழுத்து. வாசல் சுவரில் மாட்ட வேண்டும். மாட்ட யாரைக் கூப்பிடுவார்கள்? ஃபிட்டரைத்தான்.

ஏணி மேல் ஏறினார். கூட்டம் கீழே நின்றது. நாலு திருகாணி, ஒவ்வொன்றும் அரை விரல் நீளம். எடுக்கிறார், நழுவுகிறது. எடுக்கிறார், நழுவுகிறது. கீழே விழுந்த திருகாணி சிமெண்டில் உருண்டு ஓடுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எவனும் சிரிக்கவில்லை.

நான் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறப் போனேன். அதற்குள் மெங்லி என்னைத் தள்ளிவிட்டுப் பக்கத்து ஏணியில் ஏறிவிட்டான். நாலு மாதமாக அவருடன் பேசாத மெங்லி. திருகாணியை எடுத்து ஓட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"இறுக்கு அண்ணே. ஒனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே."

முதல் மூன்றையும் இறுக்கினார். நாலாவதையும் இறுக்கினார். இறங்கப் போனவர் நின்று, பலகையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாலாவது திருகாணியில் திருப்புளியை மறுபடி வைத்துத் தலையை மட்டும் மெங்லி பக்கம் திருப்பினார். மெங்லிக்குப் புரிந்துவிட்டது. திருகாணி மேல் தன் விரலை வைத்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும்" என்றான்.

சரியாகக் கால் திருகு தளர்ந்தது. பலகை ஒரு பக்கம் சரிந்தது.

இறங்கி வந்தார்கள். டைரக்டர் பத்தடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"துர்திமத், கோணலா இருக்கேப்பா. ஏறி நேரா வை."

"முடியாதுங்க ஐயா. விரல் பிடிக்கல."

"விரலுக்கு என்ன?"

அண்ணன் பத்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. தீங்கில்லாத பட்டறையில வேல பாத்ததுங்க."